புதுச்சேரியில் சுட்ட கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் யாராவது கிளம்பி வருகிறார்கள். உள்ளூரில் இருப்பவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்ட பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

பாண்டியில பெஸ்ட் பார்பிக்யூ கடை எது அண்ணா? ஒரே ஒரு பேரு சொல்லுங்க போதும்.

ஒரு பேரைச் சொன்னால் ஆறு மாதத்தில் அது பொய்யாகிவிடும். இந்தத் தொழிலில் ருசி என்பது அடுப்பு முன்னால் நிற்கும் மாஸ்டருடையது. பக்கத்துத் தெருவில் சம்பளம் கூடக் கிடைத்தால் அவர் போய்விடுவார். போர்டு அப்படியே இருக்கும், கோழி மாறிவிடும். நீங்கள் போனில் பார்க்கும் நாலரை நட்சத்திரமெல்லாம் போன மாஸ்டர் சம்பாதித்தது.

அதனால் எந்த அடுப்பு, எந்தப் பகுதி, எந்த நேரம் என்று மூன்றை மட்டும் சொல்கிறேன். இந்த மூன்றும் பொருந்தினால் பேர் தெரியாத கடையிலும் நன்றாகச் சாப்பிடலாம். பொருந்தாவிட்டால் பெரிய பேர் உள்ள கடையிலும் ரப்பரைத்தான் மெல்ல வேண்டும்.

கிரில், தந்தூரி, பார்பிக்யூ, அல்ஃபஹாம்னு நாலு போட்டிருக்கான். எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. நம் ஊர் மெனுவில் கிரில் சிக்கன் என்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோர்த்து சுற்றிக்கொண்டே இருக்கும் முழுக்கோழி. பெரும்பாலும் கேஸ் அடுப்பு. கொழுப்பு மெல்ல உருகி வழிவதால் தோல் முறுகும், உள்ளே ஈரம் இருக்கும். புகை வாசனை இருக்காது.

தந்தூரி மண் அடுப்பில் வேகுவது. உள்ளே சூடு 400 டிகிரியைத் தாண்டும், அதனால் சீக்கிரம் வெந்துவிடும். தயிரும் மசாலாவும் ஏறிய கோழிக்கு அதுதான் சரி. அல்ஃபஹாம் என்றால் கோழியை முதுகில் பிளந்து விரித்து, இரட்டைக் கம்பி வலைக்குள் வைத்துக் கரி நெருப்பின் மேல் திருப்பித் திருப்பிச் சுடுவது. பார்பிக்யூ என்ற சொல்லை நம் கடைக்காரர்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். கரியில் வாட்டிய துண்டுக் கறியாகவும் இருக்கலாம், கேஸில் பொரித்து இனிப்பு சாஸ் தடவியதாகவும் இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் 'எப்படிச் செய்வீங்க?' என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

அமெரிக்கர்கள் செய்வது வேறு. மாட்டின் நெஞ்சுக்கறியை 110 டிகிரி அளவில் மரப்புகையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போட்டு வைப்பார்கள். அதைத் தேடி புதுச்சேரிக்கு வர வேண்டாம்.

எந்தப் பக்கம் போகணும்? ஊரே சின்னதுதானே, எல்லா இடத்துலயும் கிடைக்காதா?

ஊர் சின்னதுதான். ஆனால் தெரு மாறினால் அடுப்பும் மாறும். வடக்கே முத்தியால்பேட்டை தாண்டினதும் கோட்டக்குப்பம். அல்ஃபஹாம், ஷவர்மா, கபாப் என்றால் நான் முதலில் கை காட்டுவது அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம்தான். முஸ்லிம் குடும்பங்கள் அதிகம், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும் அதிகம். சாப்பிடுகிறவனுக்கே கோழி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால் கடைக்காரன் ஏமாற்ற முடியாது. ஊருக்குள்ளேயே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கமும் இதே மாதிரிதான். ரமலான் மாதத்தில் நோன்பு திறந்த பிறகு இந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, அதாவது ஒயிட் டவுன், வேறு கணக்கு. சஃப்ரன் தெருவின் வில்லா சாந்தி, கேசர்ன் தெருவின் லே துப்ளெக்ஸ் மாதிரி பழைய வீட்டை ஹோட்டலாக்கி, முற்றத்தில் மேசை போட்டிருப்பார்கள். அங்கே போவது மீன், ஸ்டேக் மாதிரியானவற்றுக்கு. தந்தூரி கேட்டு அங்கே உட்காராதீர்கள். அந்த முற்றத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். நானும் அதற்காகவே சில சமயம் போவதுண்டு.

அண்ணா சாலை, காமராஜ் சாலை, நூறடி ரோடு பக்கமெல்லாம் குடும்பத்தோடு போகிற ஏசி ஹோட்டல்கள். தந்தூரிக்கும் பன்னீர் டிக்காவுக்கும் குறை சொல்ல முடியாது. குயிலாப்பாளையம், ஆரோவில் போகும் சாலையில் விறகு அடுப்பு பீட்சாவுக்குத்தான் கூட்டம். கறிக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

எத்தனை மணிக்குப் போனா நல்லா இருக்கும் தம்பி?

இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை. ஏழுக்கு முன்னால் போனால் கரி இன்னும் சரியாகப் பிடித்திருக்காது. மேலே கருகி உள்ளே வேகாமல் வரும். பத்தரைக்கு மேல் போனால் சுட்டு வைத்ததைத் திரும்பச் சூடுபண்ணித் தருவார்கள்.

சனிக்கிழமை இரவு மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. வெளியூர்க் கூட்டத்தில் மாஸ்டர் அவசரப்படுவார், ஊற வேண்டிய கறி ஊறாமலே அடுப்புக்குப் போகும். முடிந்தால் வெள்ளிக்கிழமை இரவே சாப்பிட்டுவிடுங்கள். புரட்டாசியில் பாதி ஊர் கறியைத் தொடாது. அந்த மாதத்தில் காலியாகக் கிடக்கும் கடைக்குப் போனால் முந்தின நாள் கறி கிடைக்க வாய்ப்பு உண்டு. கோட்டக்குப்பம் பக்கம் மட்டும் அப்போதும் வியாபாரம் ஓடும்.

இன்னொன்று: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். ஒயிட் டவுனில் சாப்பிடுவதென்றால் காரை முன்னாலேயே எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் நல்லது.

உள்ள போறதுக்கு முன்னாடியே கடை நல்ல கடையான்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். அடுப்பு வாசலில் இருந்தால் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கரி மேல் சாம்பல் பூத்து உள்ளே செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். நெருப்பு தழலாக எழும்பி கோழியை நக்கிக்கொண்டிருந்தால் வெளியே கரிப்பிடிக்கும், உள்ளே பச்சை. நல்ல மாஸ்டர் கொழுப்பு சொட்டித் தீ எழும்பிய இடத்திலிருந்து வலையை நகர்த்திக்கொண்டே இருப்பார்.

அடுத்தது, பச்சைக் கறியை எடுத்த அதே இடுக்கியால் வெந்ததை எடுக்கிறாரா என்று பாருங்கள். பச்சைக் கறி ஊறிய மசாலாத் தண்ணீரில் தோய்த்த பிரஷ்ஷை வெந்த கோழி மேல் தடவுகிறாரா என்றும் பாருங்கள். இது நான் கவனித்த வரையில் பெரிய ஹோட்டல் சமையலறையிலும் நடக்கிறது. அங்கே நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஊறவைத்த கறி வாசலில் வெயில்படத் தட்டில் அடுக்கியிருந்தால் அப்படியே நடையைக் கட்டுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிற கடையில் உட்காருங்கள்.

பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண், இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏதாவது ஆனால் புகார் கொடுக்க அந்த எண் வேண்டும்.

கரியில சுட்டாத்தான் ருசின்றாங்களே, நிஜமா? கேஸ்ல சுட்டா நமக்குத் தெரியவா போகுது?

தெரியும். ஆனால் அந்த வாசனையை உண்டாக்குவது பெரும்பாலும் கறியிலிருந்து சொட்டும் கொழுப்புதான். நெருப்பில் விழுந்து புகையாகி மறுபடி கறி மேல் ஏறுகிறது. நன்றாகக் கனிந்த கரி சூட்டைத்தான் தரும், தனியாகப் பெரிய மணம் தராது. தோலெடுத்த நெஞ்சுக்கறியை எந்தக் கரியில் சுட்டாலும் மணம் குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். தொடைப் பக்கம் கேளுங்கள், தோலோடு.

நம் பக்கம் சாதாரணமாகக் கிடைப்பது ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலங்கரி. நின்று எரியும். கொட்டாங்குச்சிக் கரி சீராகச் சூடு தரும், பொறி பறக்காது. கடலூர், புதுச்சேரி கடலோரமெல்லாம் சவுக்குத் தோப்பு இருப்பதால் சவுக்கு விறகும் உண்டு. விறகடுப்புப் பிரியாணிக்கு அதைத்தான் வைப்பார்கள். சுடுவதற்கு அப்படியே வைத்தால் புகை முட்டும். கரி வாங்கிப் பழகாத கடைக்காரர்கள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைப்பார்கள். அந்த நாற்றம் வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

பீச்சு ஊருக்கு வந்துட்டு கோழி எதுக்கு? மீனைச் சுட்டுத் தருவாங்களா? எந்த மீன் கேக்கலாம்?

தருவார்கள், நான் சொல்லும் முதல் பதிலும் மீன்தான். ஆனால் எல்லோரும் வஞ்சிரம் கேட்கிறார்கள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வறுத்தால் அருமை. கம்பி மேல் வைத்தால் ஈரம் போய் சக்கையாகிவிடும். சுடுவதற்குத் தோலோடும் முள்ளோடும் முழு மீன் வேண்டும். சங்கரா, கொடுவா, கொஞ்சம் காசு இருந்தால் வவ்வால். இதில் சங்கராவுக்குத்தான் என் ஓட்டு. விலையும் தாங்கும், தோல் முறுகிச் சதை அடுக்கடுக்காகக் கழன்று வரும். மசாலாவைக் குறைக்கச் சொல்லுங்கள். உப்பு, மிளகு, பூண்டு, எலுமிச்சை போதும்.

சுடுவதற்கு முன்னால் மீனைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். கண் குழி விழாமல் பளபளவென்று இருக்கணும், செவுள் சிவப்பாக இருக்கணும், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. கடம்பா, அதாவது கணவாய், கேட்டால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நெருப்பில் விடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இறால் ஓட்டோடும் தலையோடும்.

ஏப்ரல், மே லீவுல குடும்பத்தோட வரோம். அப்ப நல்ல மீன் கிடைக்குமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். பைபர் படகும் கட்டுமரமும் போகும் என்பதால் கரையோரச் சின்ன மீன் கிடைக்கும். பெரிய மீன் அந்த நாளில் மேசைக்கு வந்தால் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவோ, முன்னாலேயே உறையவைத்ததாகவோ இருக்கும். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும்.

கெட்ட மீன் என்று அர்த்தமில்லை. 'இன்னிக்குப் பிடிச்சது சார்' என்று சொல்லி அதற்குரிய விலை கேட்டால் நம்ப வேண்டாம், அவ்வளவுதான். அந்த இரண்டு மாதம் நான் கோழிப் பக்கம் போய்விடுவேன்.

மேசையிலயே அடுப்பு வெச்சு அன்லிமிடெட்னு தர்றாங்களே, அது லாபமா?

இருபது பேர் பிறந்தநாள் என்றால் போங்கள். பிள்ளைகளுக்குக் கம்பியில் வருவது பிடிக்கும், சைவம் சாப்பிடுகிறவர்களும் பட்டினி கிடக்க மாட்டார்கள். 2006இல் மும்பையில் தொடங்கிய பார்பிக்யூ நேஷன் இந்த முறையை நாடு முழுக்கப் பரப்பியது. இன்று எல்லா ஊரிலும் அதைப் பார்த்து வந்த கடைகள் உண்டு.

ருசிக்காகப் போவதென்றால் வேண்டாம். கறி சமையலறையில் வெந்துதான் வருகிறது, மேசையில் இருக்கும் கரி அதைச் சூடாக மட்டும் வைத்திருக்கும். பேசிக்கொண்டே விட்டுவிட்டால் காய்ந்துவிடும். வயிற்றை முதல் அரைமணியில் உருளைக்கிழங்கும் சோளமும் நிரப்பிவிடும்படிதான் அவர்களும் அனுப்புவார்கள்.

நாங்க சைவம். எங்களுக்கு என்ன இருக்கு?

பன்னீர் டிக்கா, காளான், அன்னாசி எல்லாம் ஏசி ஹோட்டல்களில் கிடைக்கும். கறி சுடும் அதே கம்பி, அதே பிரஷ் என்பது உறுத்தினால் சுத்த சைவ ஹோட்டலில் தந்தூரி அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள். என்னைக் கேட்டால் கடற்கரையில் தள்ளுவண்டியில் கரியில் சுட்டு எலுமிச்சையும் மிளகாய் உப்பும் தேய்த்துத் தரும் சோளக்கதிர்தான் இந்த ஊரின் நல்ல சைவ பார்பிக்யூ.

மயோனைஸுக்குத் தடைன்னாங்களே, இங்க மட்டும் எப்படித் தர்றாங்க?

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. அது தமிழ்நாட்டு ஆணை, புதுச்சேரிக்குப் பொருந்தவில்லை. ஆனால் மேலே சொன்ன கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. அந்த ஓராண்டில் முத்தியால்பேட்டையில் ஒரு சட்டம், நாலு எட்டு வைத்தால் இன்னொரு சட்டம். கடலூரும் அந்தப் பக்கம்தான்.

சட்டம் எப்படியோ போகட்டும், பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. நம் வெயிலில் வெளியே வைத்த மயோனைஸில் அது வேகமாகப் பெருகும். முட்டை சேர்க்காததா என்று கேளுங்கள். கடையே அரைத்த பூண்டு மயோனைஸ் என்றால் எப்போது அரைத்தது என்றும் கேளுங்கள். பதில் தடுமாறினால் புதினாச் சட்னியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஷவர்மா சாப்பிட்டு செத்துப்போனதா நியூஸ் வந்துச்சே. இதெல்லாம் சாப்பிடவே கூடாதா மாமா?

2022 மே மாதம் காசர்கோட்டில் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. இரண்டும் நடந்தவை. ஷவர்மாவில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கம்பத்தின் வெளிப்பக்கம்தான் வேகும், உள்ளே பச்சையாகவே நிற்கும். கூட்டம் அதிகமானால் வேகாத இடம் வரை சீவிவிடுவார்கள். கூட்டம் இல்லாவிட்டால் அடுப்பைக் குறைத்து வெதுவெதுப்பில் நிறுத்துவார்கள், அது இன்னும் மோசம்.

அதனால் பிள்ளைகளுக்கு ஷவர்மாவை விட அல்ஃபஹாம் வாங்கிக் கொடுங்கள். வெந்ததா இல்லையா என்று எலும்பைப் பிரித்தே பார்த்துவிடலாம்.

பிரிச்சுப் பாத்தேன், எலும்பு பக்கத்துல ரோஸ் கலரா இருக்கு. வேகலையா?

நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிராய்லர் இளம் கோழி. எலும்பு முற்றியிருக்காது. மஜ்ஜையின் நிறம் கசிந்து பக்கத்துச் சதையில் ஏறும், நன்றாக வெந்த பிறகும் அப்படியே இருக்கும். பார்க்க வேண்டியது சாறு. தொடையின் தடித்த இடத்தைக் குத்தினால் தெளிந்த நீர் வந்தால் சரி. ரத்தம் கலந்து வந்தாலோ, சதை வழவழவென்று எலும்பை விட்டு வராமல் இருந்தாலோ தட்டைத் திருப்பி அனுப்புங்கள். வீட்டில் சுடுகிறவர்கள் வெப்பமானி வைத்திருந்தால் உள்சூடு 74 டிகிரி வர வேண்டும்.

இவ்வளவு சிவப்பா இருக்கே, கலர் போட்டிருக்காங்களா?

காஷ்மீரி மிளகாயே நல்ல சிவப்பு தரும். ஆனால் மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் கரையும். கோழிக்கு அடியில் இருக்கும் வெங்காயத்தைப் பாருங்கள். ஆரஞ்சு எண்ணெய் படிந்திருந்தால் மிளகாய். வெங்காயத்தின் தண்ணீரே பளிச்சென்று சிவந்திருந்தால், கை கழுவியும் விரலில் சாயம் நின்றால், கலர்ப்பொடி என்று சந்தேகப்படலாம். கர்நாடகம் 2024 ஜூனில் கபாபில் செயற்கை நிறத்தைத் தடை செய்தது. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற தொழிற்சாலைச் சாயம் பிடிபட்டு அதே ஆண்டு பிப்ரவரியில் புதுச்சேரி தடை போட்டதும் நினைவிருக்கும். சாயம் போடாத அல்ஃபஹாம் வெளுத்துத்தான் இருக்கும். வெளுப்பைப் பார்த்து ஏமாந்த முகம் காட்டாதீர்கள்.

ஒயிட் டவுன்ல ஸ்டேக் கேட்டா எப்படி வேணும்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

மாட்டுக்கறி ஸ்டேக்கை அரைவேக்காட்டில் தின்பதுதான் பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில் இருக்கும், அது சூட்டில் போய்விடும். முதல் தடவை என்றால் 'மீடியம்' என்று சொல்லுங்கள். நடுவில் லேசான ரோஸ் நிறம் இருக்கும், அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். 'வெல்டன்' கேட்டால் மாஸ்டர் மனதுக்குள் திட்டுவார், தோல் செருப்பு மாதிரி வரும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் குழந்தைகளும் மட்டும் நன்றாக வெந்ததே கேட்பது நல்லது. கோழிக்கு இந்தப் பேச்சே கிடையாது, மேலே சொன்ன 74 டிகிரிதான்.

குடும்பத்தோட வரோம், பக்கத்து டேபிள்ல பாட்டில் இருக்கக் கூடாது. அப்படி கடை இருக்கா?

நிறைய இருக்கிறது. கோட்டக்குப்பம் பக்கத்துக் கடைகளில் அந்தப் பேச்சே இல்லை. ஊருக்குள் போர்டில் 'பார்' அல்லது 'ரெஸ்டோபார்' என்று இருந்தால் தாண்டிப் போங்கள். மறுபக்கம், குடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே வாங்கிய பாட்டிலோடு கோட்டக்குப்பத்துக் கபாப் கடைக்கோ கடலூருக்கோ கிளம்பாதீர்கள். எல்லை தாண்டினதும் அது குற்றம், சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள்.

பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு சேத்திருக்கான். கட்டித்தான் ஆகணுமா?

வேண்டியதில்லை. ஜிஎஸ்டி கட்ட வேண்டும், சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். தகராறு செய்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பரிமாறிய பையனுக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள், அந்தச் சார்ஜ் அவன் கைக்குப் போகிறது என்று உறுதியில்லை.

நாங்க கடலூர். இதுக்காக பஸ் ஏறி வரணுமா?

கோழிக்காக வேண்டாம். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் மாலையானால் கம்பி சுற்றத் தொடங்கிவிடும். மேலே சொன்ன சோதனைகளை அங்கேயே செய்து பாருங்கள். மீன் என்றால் உங்களுக்கு முதுநகரே பக்கத்தில் இருக்கிறது. சங்கராவை அங்கே வாங்கி வீட்டு மாடியில் சுடுவது எந்த ஹோட்டலையும் விட நன்றாக இருக்கும். ஸ்டேக் வேண்டுமென்றாலோ அந்த முற்றத்தில் உட்கார ஆசைப்பட்டாலோ இருபத்தைந்து கிலோமீட்டர் ஒன்றும் தூரமில்லை.

சென்னைக்குக் கிளம்புறோம். பார்சல் வாங்கிட்டுப் போனா தாங்குமா?

காரில் மூன்று மணி நேரம் ஆகும். வெந்த கறி அடுப்பை விட்டு இறக்கின பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது, மே மாதத்தில் அதுவும் அதிகம். தவிர, அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவியில் தோல் ஊறி முறுகல் போய்விடும். திண்டிவனத்துக்குள் சாப்பிட்டு முடிப்பதென்றால் வாங்குங்கள். வீடு வரை கொண்டுபோக வேண்டுமென்றால் மசாலாவில் ஊறவைத்த பச்சைக் கறியைச் சுடாமல் தரும் கடை உண்டா என்று விசாரித்து, நிறைய ஐஸ் போட்ட பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் வீட்டில் சுடுங்கள். மயோனைஸ் பாக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.